தடயவியல் ஆய்வாளரின் நேர்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையெழுத்துகளையும் ஆவணங்களையும் ஆராய்வது என் தொழில். 19 ஆண்டுகள் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அதன் பிறகு தனியாக இதே வேலையைச் செய்துவருகிறேன். இரண்டு பக்கமும் இருந்தவன் என்பதால் இரு தரப்புச் சந்தேகங்களும் என்னிடம் வருகின்றன. புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர்கள், இளம் வழக்கறிஞர்கள், வழக்கில் சிக்கித் தவிக்கும் குடும்பத்தினர் என்று கேட்பவர்கள் மாறுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. தடயவியல் ஆய்வாளர் போலீஸ் தரப்பு ஆள்தானே? அவரிடம் நடுநிலையை ஏன் எதிர்பார்க்கிறீர்கள்?

யார் குற்றவாளி என்று தேடுவது புலனாய்வு அதிகாரியின் வேலை. ஆய்வாளரின் மேசைக்கு வருவது அதைவிட மிகச் சிறிய கேள்வி. இந்த இரண்டு கையெழுத்தையும் போட்டவர் ஒருவர்தானா? இந்தத் துணியில் இருப்பது இரத்தமா? இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலிருந்து வெளிவந்ததா? இதற்கு மேல் போக அவருக்கு அதிகாரமும் இல்லை, தேவையும் இல்லை.

நீதிமன்றத்தில் மற்றச் சாட்சிகள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்லலாம். நிபுணருக்கு மட்டும் தம் கருத்தைச் சொல்லும் உரிமை தரப்படுகிறது. பயிற்சி இல்லாத கண்ணுக்குத் தெரியாததை அவர் பார்த்துச் சொல்வார் என்ற நம்பிக்கையில் தரப்படும் உரிமை அது. ஒரு தரப்புக்காகப் பேசத் தொடங்கியவுடன் அவர் வழக்கறிஞராகிவிடுகிறார். வழக்கறிஞர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள்.

2. அரசு ஆய்வாளருக்கும் தனியார் ஆய்வாளருக்கும் வேலையில் என்ன வேறுபாடு?

கருவியும் முறையும் ஒன்றுதான். வேலை வந்துசேரும் வழிதான் வேறு. அரசு ஆய்வகத்துக்குச் சான்றுப்பொருள் முத்திரையிட்ட உறையில், காவல்துறையோ நீதிமன்றமோ எழுதிய கடிதத்தோடு வருகிறது. வழக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. முடிவு எதுவாக இருந்தாலும் அவருடைய சம்பளம் மாறாது.

தனியாரிடம் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தரப்பு வழக்கறிஞர் வருவார், காப்பீட்டு நிறுவனம் வரும், வங்கி வரும், ஒரே உயிலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் உடன்பிறந்தவர்கள் வருவார்கள். பல நேரங்களில் அசல் பொருள் கைக்கு வராது. நகலோ, புகைப்படமோ, அரசு ஆய்வகம் எழுதிய அறிக்கையோதான் கிடைக்கும். அதை வைத்து எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதில்தான் தனியார் ஆய்வாளரின் நேர்மை முதலில் சோதிக்கப்படுகிறது. நகலை மட்டும் பார்த்துவிட்டு, மையின் வகையைப் பற்றியோ பேனாவின் அழுத்தத்தைப் பற்றியோ உறுதியாக எழுதும் அறிக்கையைக் கண்டால் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம். நகலில் அவை தெரியவே தெரியாது.

3. அரசு ஆய்வகம் என்றால் நம்பலாம், தனியார் என்றால் காசுக்கு எழுதித் தருவார்கள். அப்படித்தானே?

இந்த எண்ணத்தோடுதான் நானும் பல ஆண்டுகள் இருந்தேன். நடந்தவை அதை ஆதரிக்கவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில அரசின் ஆய்வகத்தில் அன்னி தூக்கான் என்ற வேதியியலாளர், போதைப்பொருள் மாதிரிகளைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, முறைப்படி சோதித்ததாகச் சான்றளித்துவந்தார். 2012இல் கைதானார், 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழவில்லை. எல்லாரையும்விட அதிக வேலை முடிப்பவர் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருந்தது.

தனியார் பக்கமும் இதே கதை உண்டு. இங்கிலாந்தில் அரசின் தடய அறிவியல் சேவை நிறுவனம் 2012இல் மூடப்பட்டு, வேலைகள் பெருமளவு தனியார் ஆய்வகங்களுக்குப் போயின. 2017இல் மான்செஸ்டரில் இருந்த ஒரு தனியார் ஆய்வகத்தில், இரத்தத்தில் போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளின் தரவுகள் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. 10,000க்கும் மேற்பட்ட வழக்குகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவித்து, மாதிரிகளை மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று.

இரண்டிலும் பொய்யானவை ஒரே வகைப் பொருள்கள்: செய்ததாகச் சொல்லப்பட்ட சோதனையும், அதற்குச் சாட்சியாக வைக்கப்பட்ட பதிவும். பெயர்ப்பலகையில் அரசு முத்திரை இருப்பதும் இல்லாததும் இதைத் தடுக்கவில்லை.

4. பணம் கொடுப்பவருக்குச் சாதகமாக எழுதாமல் ஒருவரால் எப்படி இருக்க முடியும்?

கடினம்தான், அதை மறைப்பதில் பயனில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 100க்கும் மேற்பட்ட தடயவியல் உளவியலாளர்களிடமும் மனநல மருத்துவர்களிடமும் ஒரே வழக்குக் கோப்புகள் தரப்பட்டன. ஒரு பாதியினரிடம் அரசுத் தரப்புக்காக வேலை செய்கிறீர்கள் என்றும், மறு பாதியினரிடம் எதிரித் தரப்புக்காக என்றும் சொல்லப்பட்டது. அதே மனிதர், அதே கோப்பு. இருந்தும் அவர் மறுபடி குற்றம் செய்யும் அபாயத்துக்கு அரசுத் தரப்பு என்று எண்ணியவர்கள் கூடுதல் மதிப்பெண்ணும், எதிரித் தரப்பு என்று எண்ணியவர்கள் குறைந்த மதிப்பெண்ணும் போடும் போக்கு தெரிந்தது. அவர்களில் யாரையும் யாரும் விலைக்கு வாங்கவில்லை. 'நம் தரப்பு' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஆகவே நான் சில ஏற்பாடுகளைக் கைவிடாமல் பின்பற்றுகிறேன். கட்டணம் செலவாகும் நேரத்துக்கு; அது வேலை தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும்; முடிவு எப்படி இருந்தாலும் அது மாறாது என்று ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். ஒருமுறை ஒருவர் தம் தந்தையின் உயிலைக் கொண்டுவந்தார். உறையைப் பிரிக்கும் முன்பே, "எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் ஐயா, இது போலி என்று மட்டும் எழுதிவிடுங்கள்" என்றார். ஒப்பந்தக் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தி, படித்துவிட்டுக் கையெழுத்திடச் சொன்னேன். வெகுநேரம் படித்தார், பிறகு கையெழுத்திட்டார். உயிலில் இருந்தது அவருடைய தந்தையின் கையெழுத்துதான் என்பதற்கு வலுவான ஆதாரங்கள் இருந்தன. அறிக்கையைக் கையில் வாங்கியவர், "அப்பா உண்மையாகவே இப்படித்தான் நினைத்தாரா" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

5. வழக்கு ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று கட்டணம் பேசிக்கொள்ளலாமா?

கூடாது. வழக்கறிஞருக்கு அப்படிப் பேசிக்கொள்ளச் சில நாடுகளில் அனுமதி உண்டு. நிபுணர் சாட்சிக்கு அதைத் தொழில் நெறி ஏற்பதில்லை. தீர்ப்பில் பங்கு வைத்திருப்பவர் அந்த வழக்கில் ஒரு தரப்பினர். அவருடைய கருத்துக்கு மதிப்பு இல்லை. அடுத்த வழக்கும் உங்களுக்குத்தான் என்று ஆசை காட்டுவதும் கிட்டத்தட்ட இதே வகைதான். ஒரே வழக்கறிஞரிடமிருந்து வருமானத்தின் பெரும்பகுதி வருகிறது என்றால், அதைக் குறுக்கு விசாரணையில் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிடுவது நல்லது.

6. அரசு ஆய்வாளருக்குத்தான் மாதச் சம்பளம் வருகிறதே, அவருக்கு என்ன அழுத்தம்?

அரசு ஆய்வகத்தில் அழுத்தம் பணமாக வராது, கடிதமாக வரும். என் மேசைக்கு வந்த ஒரு கடிதம் இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். காசோலையில் உள்ள கையெழுத்து போலி என்பதை உறுதிசெய்து விரைவில் அனுப்பவும்." அதைப் படித்துவிட்டுத்தான் காசோலையை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். கோட்டில் நடுக்கம் இருந்தது. இரண்டு இடங்களில் பேனாவைத் தூக்கி மறுபடி வைத்த தடம். அங்கே மை சிறு பொட்டாகத் திரண்டிருந்தது. பார்த்து வரைபவரின் கோடு இப்படித்தான் இருக்கும். போலி என்று குறிப்பேட்டில் எழுதியும்விட்டேன்.

அன்று மாலை மாதிரிக் கையெழுத்துகளின் தேதிகளைக் கவனித்தேன். எல்லாம் ஆறு ஆண்டுகளுக்கு முந்தியவை. அந்தக் காசோலையின் காலத்தை ஒட்டிய மாதிரிகளைக் கேட்டு எழுதினேன். அவை வந்தபோது அவற்றிலும் அதே நடுக்கம், அதே மைப்பொட்டு. கணக்குக்காரர் இடையில் நோயுற்றிருந்தார். கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கையெழுத்து அவருடையதுதான். ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றிய அந்த ஒரு வரியை நான் படிக்காமல் இருந்திருந்தால், தேதியைக் காலையிலேயே பார்த்திருப்பேன் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குழந்தைகளின் மரணங்களை ஆராய்ந்த சார்ல்ஸ் ஸ்மித் என்ற நோய்க்கூறு மருத்துவரின் கருத்துகளை நம்பி, பெற்றோர்களும் குழந்தைகளைப் பராமரித்தவர்களும் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். அரசு வழக்கறிஞருக்குத் துணைநிற்பதே தம் வேலை என்று எண்ணியிருந்ததாக விசாரணை ஆணையத்தின் முன் அவரே சொன்னார். அந்த ஆணையத்தின் அறிக்கை 2008இல் வெளியானது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2009இல் தந்த அறிக்கையில், தடயவியல் ஆய்வகங்களைக் காவல்துறையின் நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கும் இத்தகைய அனுபவங்களே பின்னணி.

7. இயந்திரமும் அறிவியலும் சொல்வதில் மனச்சாய்வு எங்கிருந்து வரும்?

தடயவியலில் பல துறைகளில் கடைசியாகத் தீர்மானிப்பது மனிதக் கண்தான். விரல்ரேகை, கையெழுத்து, தோட்டாவின் கீறல்கள், காலணித் தடம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்பவை. டி.என்.ஏ. சோதனையிலும், பலருடைய மரபணு கலந்த மாதிரியாக இருந்தால், எந்தக் குறியை ஏற்பது, எதை விடுவது என்ற முடிவு மனிதருடையது.

2004 மார்ச்சில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் நடந்த ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, வெடிதூண்டிகள் இருந்த பை ஒன்றில் ஒரு விரல்ரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதை ஒரு வழக்கறிஞருடையது என்று சொல்லி, அவரை இரண்டு வாரம் காவலில் வைத்தது. எஃப்.பி.ஐ.யின் மூன்று ஆய்வாளர்கள் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றம் அமர்த்திய தனி நிபுணரும் ஒப்புக்கொண்டார். ஸ்பெயின் காவல்துறையோ முதலிலிருந்தே ஏற்கவில்லை. கடைசியில் ரேகை வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. பின்னர் நடந்த விசாரணையில் ஒரு விவரம் வெளிவந்தது. ஆய்வாளர்கள் அந்த வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, அதில் உள்ள நுண்குறிகளை மங்கலான ரேகையில் தேடிக் 'கண்டு'பிடித்திருந்தார்கள்.

2006இல் உளவியலாளர் இட்டியெல் டிரோரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஐந்து அனுபவமிக்க ரேகை நிபுணர்களிடம், அவர்களே ஆண்டுகளுக்கு முன் 'ஒத்துப்போகிறது' என்று சொன்ன ரேகைகளை, மாட்ரிட் வழக்கில் தவறாகப் போன இணை இதுதான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூவர் 'ஒத்துப்போகவில்லை' என்றார்கள். ஒருவர் முடிவு சொல்ல இயலாது என்றார். ஒரே ஒருவர் மட்டும் தம் பழைய முடிவில் நின்றார்.

8. அப்படியானால் வழக்கைப் பற்றி எதுவுமே தெரியாமல்தான் ஆய்வு செய்ய வேண்டுமா?

ஆய்வுக்குத் தேவையானது தெரிய வேண்டும். கையெழுத்திட்டவரின் வயது, நோய், எந்தக் கையால் எழுதுவார் என்பன எனக்குத் தேவை. அவர் ஒப்புக்கொண்டாரா, முன்பு சிறை சென்றவரா என்பது தேவையில்லை. 6ஆம் கேள்வியில் சொன்ன காசோலையில் எனக்கு வேண்டிய தகவல் வரவில்லை; வேண்டாத தகவல் முதல் வரியிலேயே வந்தது.

வரிசையும் முக்கியம். முதலில் சந்தேகத்துக்குரிய பொருளை மட்டும் பார்த்து, தெரிவதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதித் தேதியும் நேரமும் போட வேண்டும். அதன் பிறகே மாதிரியைத் திறக்க வேண்டும். மாதிரியைப் பார்த்தபின் முந்தைய குறிப்பை மாற்றத் தோன்றினால், பழையதை அழிக்காமல், ஏன் மாற்றுகிறோம் என்று கீழே எழுதலாம். பெரிய ஆய்வகங்களில் கடிதங்களைப் படித்து, ஆய்வாளருக்குத் தேவையானதை மட்டும் பிரித்துக் கொடுக்க ஒருவரை அமர்த்த முடியும். தனியாக இருக்கும் எனக்கு அது இயலவில்லை. ஆகவே என் உதவியாளர் உறையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்வார். முதல் குறிப்பு முடிந்தபின் தருவார்.

9. "முடிவு சொல்ல இயலவில்லை" என்று எழுதுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதானே?

சில நேரம் அப்படியும் நடக்கிறது. வேலை செய்யச் சோம்பியோ, நீதிமன்றம் ஏறப் பயந்தோ அப்படி எழுதுபவர்கள் உண்டு. ஏன் இயலவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாதிரி போதவில்லை, கையெழுத்து வெறும் இரண்டு சுழிகள்தான், காகிதம் நனைந்து மை பரவியிருக்கிறது என்று எழுதியிருந்தால் அது உழைத்து எழுதிய வரி. காரணம் இல்லாமல் ஒரு வரியில் முடிந்தால் கேள்வி கேளுங்கள்.

என் தொழில் வாழ்க்கையில் எழுதக் கடினமாக இருந்தவை இந்த வகை அறிக்கைகள்தான். 'ஆம்' என்றால் ஒரு தரப்பு மகிழும். 'இல்லை' என்றால் மறு தரப்பு மகிழும். 'தெரியவில்லை' என்றால் இரு தரப்பும் முகம் சுளிக்கும், மேலதிகாரியும் கேட்பார். அந்த வரியை எழுதும் ஆய்வாளருக்கு ஆய்வகத் தலைவர் பக்கத்துணையாக நிற்க வேண்டும். அது இல்லாத இடத்தில், சொல்லத் தெரியாதவற்றுக்கும் விடைகள் வந்துகொண்டே இருக்கும்.

10. தவறு செய்த ஆய்வாளர்கள் எல்லாரும் நேர்மையற்றவர்களா?

இல்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் ஏராளமான குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்து, ஆண்டுக்கணக்கில் அவரைத் தேடினார்கள். அப்படி ஒரு குற்றவாளியே இல்லை என்று 2009இல் தெரிந்தது. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக்குச்சிகளில், அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண்ணின் மரபணு ஒட்டியிருந்தது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். கிருமி நீக்கம் மரபணுவை நீக்காது. தீ விபத்து ஆய்விலும் இப்படி ஒன்று உண்டு. சன்னல் கண்ணாடியில் வலைபோல் விரிசல் இருந்தால், எரிபொருள் ஊற்றித் தீ வைக்கப்பட்டது என்று வெகுகாலம் நம்பினார்கள். சூடான கண்ணாடியில் தீயணைப்பு நீர் பட்டாலே அந்த விரிசல் வரும் என்று பின்னர் சோதனைகள் காட்டின. பழைய பாடத்தை நம்பிச் சாட்சி சொன்னவர்களில் பலர் பொய் சொல்லவில்லை.

புதிய சோதனைகள் வந்தபின்னும் பழையதையே சொல்லிக்கொண்டிருப்பவரைப் பற்றி என் கருத்து வேறு. தம் துறையில் தவறென்று நிறுவப்பட்டதைத் தெரிந்துகொள்ள மறுப்பவரை அறியாதவர் என்று மன்னித்துவிட முடியாது.

11. என் அறிக்கையில் தவறு இருப்பதை, தீர்ப்பு வந்த பிறகு கண்டேன். இப்போது சொன்னால் என் வேலை போய்விடாதா?

போகலாம். இதைக் கேட்ட இளைஞரிடம் வேறுவிதமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உங்கள் கையெழுத்து உள்ள ஒரு தாளின் பேரில் ஒருவர் சிறையில் இருக்கக்கூடும். அன்றே ஆய்வகத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் எது தவறு, அதனால் முடிவு மாறுகிறதா இல்லையா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அந்தத் திருத்தம் நீதிமன்றத்துக்கும் இரு தரப்புக்கும் போய்ச்சேர வேண்டும். பழைய கோப்பில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால், அதுவரை தவறாக இருந்தது மோசடியாகிவிடும்.

தனியார் ஆய்வாளர் என்றால் முதலில் உங்களை அமர்த்திய வழக்கறிஞருக்கு எழுதுங்கள். நீதிமன்றத்தில் தாக்கலான அறிக்கை என்றால் திருத்தமும் அங்கே தாக்கலாக வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

12. தனியாரிடம் கொடுத்துப் பார்த்தோம், முடிவு எங்களுக்குப் பாதகம். அதை மறைத்துவிடலாமா?

நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. எதிரிக்குச் சாதகமான சான்றை மறைப்பது நியாயமான விசாரணையை மறுப்பதாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல், பிரேடி வழக்கில் தீர்ப்பளித்தது. வேறு பல நாடுகளிலும் இத்தகைய விதி உண்டு. எதிரித் தரப்புக்கு அந்தக் கடமை பொதுவாக இல்லை. தனக்கு எதிரான சான்றைத் தானே தர வேண்டியதில்லை என்பதால், தன் நிபுணரின் அறிக்கையைப் பல இடங்களில் அது தாக்கல் செய்யாமல் விட்டுவிடலாம்.

ஆகவே பாதகமான அறிக்கையை வழக்கறிஞர் பெட்டியில் வைத்துப் பூட்டினால் ஆய்வாளர் நெறி தவறியவர் ஆக மாட்டார். அறிக்கையின் பாதியை வெட்டிவிட்டு மீதியைத் தாக்கல் செய்யக் கேட்டால் மறுக்க வேண்டும். இங்கிலாந்தில் 1993இல், தரைதட்டி எரிந்துபோன 'இகேரியன் ரீஃபர்' என்ற கப்பலின் காப்பீட்டு வழக்கில், நிபுணரின் கடமைகளை நீதிபதி வரிசைப்படுத்தினார். தம் கருத்துக்கு எதிரான உண்மைகளையும் நிபுணர் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. என் ஒப்பந்தக் கடிதத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது: அறிக்கை முழுமையாக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும்.

13. நீதிமன்றத்தில் "நூறு சதவீதம் உறுதி" என்று சொல்வதில் என்ன தவறு? நீதிபதி அதைத்தானே கேட்கிறார்?

அமெரிக்காவில் நுண்ணோக்கியில் முடியை ஒப்பிட்டுச் சாட்சி சொன்ன பழைய வழக்குகளை எஃப்.பி.ஐ.யே மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து மறுஆய்வு செய்தது. 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, எதிரிக்கு எதிராக அந்தச் சான்று பயன்பட்ட 268 விசாரணைகளில் 257இல் ஆய்வாளர்கள் அறிவியல் தாங்காத அளவுக்குச் சொல்லியிருந்தார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்குகளும் அவற்றில் இருந்தன. ஆய்வகக் குறிப்பில் 'ஒத்த தன்மை உடையது' என்று இருப்பது சாட்சிக்கூண்டில் 'அவருடையதுதான்' என்று ஆகிவிடுகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியின் அழுத்தத்தில் இது நடந்துவிடுகிறது.

எண்ணிலும் இதே வழுக்கல் உண்டு. பத்து லட்சத்தில் ஒருவருக்கே இப்படிப்பட்ட மரபணு அமைப்பு இருக்கும் என்றால், எதிரி நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு கோடிப் பேர் உள்ள நகரில் அந்த அமைப்பு ஏறக்குறைய பத்துப் பேருக்கு இருக்கலாம். அவர்களில் எதிரியும் ஒருவர். மற்றச் சான்றுகள்தான் அந்தப் பத்தை ஒன்றாக்க வேண்டும். வழக்கறிஞர் தவறாகச் சுருக்கிச் சொல்லும்போது ஆய்வாளர் பேசாமல் இருந்தால், அந்தத் தவறில் அவருக்கும் பங்கு உண்டு. "ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை" என்று கூண்டில் நின்று சொல்வதற்குப் பழக வேண்டும். முதல் முறை எனக்குக் குரல் நடுங்கியது.

14. ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது, ஆய்வாளருக்குப் பட்டம் இருக்கிறது. இது போதாதா?

ஐ.எஸ்.ஓ. 17025 என்ற பன்னாட்டுத் தர அங்கீகாரம் இருப்பது நல்லது. கருவிகள் அளவு சரிபார்க்கப்படுகின்றன, முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன, நடுநிலைக்கான ஏற்பாடு இருக்கிறது என்று அது உறுதிசெய்கிறது. நேற்று உங்கள் மாதிரியை யாரேனும் உண்மையாகச் சோதித்தார்களா என்பதை அது தனியாகக் காட்டாது. பட்டத்தைப் பற்றி ஒன்றே சொல்கிறேன்: 3ஆம் கேள்வியில் பார்த்த தூக்கான், வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றதாகச் சொல்லியதும் பொய்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மறைத்துத் தரும் திறன் சோதனை. விடை தெரிந்த மாதிரி ஒன்றை, உண்மையான வழக்கைப்போல உறையிட்டு, ஆய்வாளருக்குத் தெரியாமல் அவருடைய வேலையோடு கலந்துவிடுவார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், காவல்துறையிடமிருந்து பிரிந்து 2014இல் பொறுப்பேற்ற தடய அறிவியல் மையம், 2015 முதல் இதைச் செய்துவருகிறது. பரீட்சை என்று தெரிந்தால் எல்லாரும் கவனமாகத்தான் எழுதுவார்கள்.

15. அரசுப் பணியில் இருந்துகொண்டே வெளியே தனி வழக்குகள் பார்க்கலாமா? ஓய்வுக்குப் பிறகு?

பணியில் இருக்கும்போது வேண்டாம். விதி அனுமதித்தாலும் வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு செய்யலாம், நானே செய்கிறேன். ஆனால் அரசு ஆய்வகத்தில் நானோ என்னுடன் இருந்தவர்களோ தொட்ட எந்த வழக்கையும் எடுப்பதில்லை. அங்கே தெரிந்துகொண்ட ரகசியங்களையும் வெளியே கொண்டுவருவதில்லை. "பழைய ஆய்வகத்தில் உங்கள் நண்பர்கள் இருப்பார்களே" என்று தொடங்கும் கட்சிக்காரரை அந்த வாக்கியத்தோடு அனுப்பிவைத்துவிடுவேன்.

16. பக்கத்து மேசைக்காரர் சோதனை செய்யாமலேயே எழுதுகிறார் என்று சந்தேகப்படுகிறேன். நிரூபிக்க முடியாது. என்ன செய்வது?

தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை இல்லை என்பதால் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. கண்டதை மட்டும் தேதியோடு எழுதுங்கள்: இந்த நாளில் இத்தனை மாதிரிகள் முடிந்ததாகப் பதிவு, கருவியின் பதிவேட்டில் இத்தனை ஓட்டங்கள்தான். தரப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தூக்கானின் சக ஊழியர்களுக்கும் சந்தேகம் இருந்தது. அவர் முடிக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை நம்பும்படி இல்லை என்று சிலர் மேலே சொல்லவும் செய்தார்கள். மேலிடம் காலத்தோடு அசையவில்லை. ஆகவே ஒரு முறை சொன்னதோடு விடாதீர்கள். உள்ளே பதில் வராவிட்டால், ஆய்வகத்துக்கு அங்கீகாரம் தரும் அமைப்புக்குப் புகார் அனுப்ப வழி உண்டு.

அவரைப் பழிவாங்குவதாக நினைப்பார்களே என்று தயங்குவீர்கள். அவர் நிரபராதி என்றால், மறுபடி சோதித்துப் பார்ப்பதே அவருடைய பெயரைக் காக்கும்.

17. தனியார் துப்பறிவாளர் எப்படியாவது சான்றைக் கொண்டுவந்தால் போதாதா? உண்மைதானே முக்கியம்?

கணவருடைய அல்லது மனைவியுடைய கைப்பேசியைத் தூங்கும்போது எடுத்து வந்து, "இதைத் திறந்து பாருங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. மறுக்க வேண்டும். பொருள் யாருடையது, அதை ஆராய யார் ஒப்புதல் தந்தார், அல்லது எந்த நீதிமன்றம் ஆணையிட்டது என்பது முதலில் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வாளரும் குற்றவாளியாகலாம். கிடைத்த உண்மையும் பயன்படாமல் போகலாம்.

உரிமையோடு வந்த பொருளைக்கூட நேரடியாகத் தொடக் கூடாது. கணினியின் வன்தட்டு என்றால், எதையும் எழுதவிடாத தடுப்புக் கருவியின் வழியே இணைத்து, முழு நகல் எடுத்து, அசலுக்கும் நகலுக்கும் கணித முறையில் ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கணக்கிடுவார்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால், மறு தரப்பின் ஆய்வாளர் பல ஆண்டு கழித்தும் அதே நகலில் அதே வேலையைச் செய்து பார்க்கலாம்.

18. இரண்டு நிபுணர்கள், இருவரும் நல்ல பெயர் உள்ளவர்கள், எதிரெதிராகச் சொல்கிறார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதானே பொருள்?

அவசியம் இல்லை. இருவரும் பார்த்தது ஒரே பொருளையா என்று முதலில் கேளுங்கள். ஒருவர் அசலைப் பார்த்திருப்பார், மற்றவர் நகலை. ஒருவரிடம் இருபது மாதிரிகள் இருந்திருக்கும், மற்றவரிடம் மூன்று. இருவரிடமும் கேட்ட கேள்வி ஒன்றுதானா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் முரண்பாடுகளில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

தீராவிட்டால் இருவருடைய வேலைக் குறிப்புகளையும் கேளுங்கள். அறிக்கை மட்டும் போதாது. தேதியிட்ட குறிப்பேடு, புகைப்படங்கள், கருவியின் பதிவு, உறை பிரிக்கப்பட்டபோது முத்திரை எப்படி இருந்தது என்ற வரி, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பட்டியல் எல்லாம். 8ஆம் கேள்வியில் சொன்ன வரிசை அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். முதல் எண்ணத்தை மாற்றிக்கொண்ட இடம் இருந்தால், அதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காசோலைக் கோப்பில், நான் முதலில் எழுதிய 'போலி' என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு இருக்கிறது. பக்கத்தில் தேதியும் என் சுருக்கொப்பமும். அந்தச் சொல்லை இன்றும் படிக்கலாம். குறுக்கு விசாரணையில் அதைக் காட்டி என்னை முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். குறிப்பைத் தர மறுக்கும் நிபுணரிடம் ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.